பதினைந்தாம் வரிசை

அட்டுவம்பட்டி
16-8-2024

சேசு மரி சூசை

ஷைலா பாப்பாவுக்கு அம்மாச்சி கித்தேரியம்மாள் எழுதுவது.

போனில் நீ பேசினால் என் காதுக்கு மழை இரைச்சல் மாதிரிதான் கேட்கிறது. உன் அம்மா ஜூலியட் நடுவில் நின்று கத்திச் சொல்வதற்குள் நீ சொன்னதில் பாதி போய்விடுகிறது. அதனால் கடுதாசியே நமக்குச் சரி.

நேற்று சலேத் மாதா திருநாள். மழையோடு மழையாகச் சப்பரம் போயிற்று. பூசை முடிந்து சாமியார் மைக்கில் உன் பேரைச் சொன்னார். நான்தான் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ‘நம் பங்கைச் சேர்ந்த கித்தேரியம்மாளின் பேத்தி ஷைலா, முப்பது வருடமாக யாராலும் பிரிக்க முடியாத 312 இலக்க எண்ணைப் பிரித்துவிட்டார்’ என்று வாசித்தார். முன்வரிசைச் சிஸ்டர்மார்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அஞ்சாங் கிளாஸ். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் காரட் விற்கிற வில்பட்டி சண்முகசுந்தரி பிடித்துக்கொண்டாள். “ஏங்க்கா, உங்க பேத்தி நம்பரை ஒடைச்சிட்டாளாமே. நல்லா இருந்ததைப் போயி எதுக்கு ஒடைச்சா?” என்றாள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொன்னேன். ஒரு துணி மூட்டை இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரே துணி இல்லை, இரண்டோ அதற்கு மேலோ என்று எடை பார்த்தே சொல்லிவிட்டார்கள். ஆனால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று முப்பது வருடமாக ஒருவருக்கும் தெரியவில்லை. என் பேத்தி அவிழ்த்துவிட்டாள் என்றேன்.

உன் எண்ணைத் தாளில் பார்த்து நான் பூவேலை போட்ட துணி மாதா படத்துக்குப் பக்கத்தில் அப்படியே தொங்குகிறது. வரிசைக்குப் பதின்மூன்று எண், மொத்தம் இருபத்துநாலு வரிசை. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது மரம் விழுந்து ஐந்து நாள் நெட் இல்லாமல் போனதே, அப்போது நான் துணியைப் பார்த்து வாசிக்க நீ கம்ப்யூட்டரில் தட்டினாயே, அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அந்த வாசிப்பில் தொடங்கியதுதானே இவ்வளவும்.

ஜூலை கடைசியில் ‘உடைந்துவிட்டது அம்மாச்சி’ என்று ஒரு வரி அனுப்பினாய். ஜூலியட் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லையாம். சோலி அதிகமா? வெரசா பதில் போடு.

உன் அம்மாச்சி
கித்தேரியம்மாள்


சென்னை
23-8-2024

அன்புள்ள அம்மாச்சிக்கு,

தயவுசெய்து இனி யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

சேனாதிபதி சாரை உங்களுக்குத் தெரியும், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுபவர். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இருபது பேர் உட்கார்ந்திருந்த அறையில் நான் கண்டுபிடித்த காரணியைத் திரையில் போட்டேன். 41 இலக்கம். சார் தன் மடிக்கணினியில் இருந்த எண்ணை அதால் வகுத்துப் பார்த்தார். மீதி வந்தது. ‘தவறாக அழுத்திவிட்டீர்கள் சார்’ என்றேன். மறுபடி வகுத்தார். மறுபடியும் மீதி. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

உங்களால் ஒரு உதவி ஆக வேண்டும். துணியில் இருக்கிற எல்லா இலக்கங்களையும் வரிசை வரிசையாகக் கூட்டி மொத்தத்தை எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

ஷைலா


அட்டுவம்பட்டி
29-8-2024

சேசு மரி சூசை

பாப்பாவுக்கு,

1400.

வேறெதுவும் எழுத வேண்டாம் என்றாய். ஆனால் பெற்றவளைப் பெற்றவள் ஒரு எண்ணை மட்டும் உறையில் போட்டு அனுப்ப முடியாது. மூன்று தரம் கூட்டினேன். முதல் தரம் மனசில். இரண்டாம் தரம் பீன்ஸ் விதையை வைத்து. மூன்றாம் தரம் கீழ் வரிசையில் தொடங்கி மேலே போனேன். மூன்று தரமும் 1400தான். பார்க்கவும் முழுசாக, அழகாக இருக்கிறது.

அந்த சார் வயசானவரா? வகுத்தலில் இடம் தப்பிப்போவது எல்லோருக்கும் உண்டு. இன்னொருவரை வைத்து வகுத்துப் பார்க்கச் சொல்.

அம்மாச்சி


சென்னை
4-9-2024

அம்மாச்சி,

சரியான விடை 1399.

இரண்டு நாளாக அச்சடித்த தாளையும் டிசம்பரில் நாம் இருவரும் ஏற்றிய ஃபைலையும் விரல் வைத்து ஒப்பிட்டேன். பதினைந்தாம் வரிசை, ஏழாவது எட்டாவது இலக்கம். தாளில் 64. துணியில் 65.

நெட் இல்லாத அந்த ஐந்து நாளில் பொழுதை வீணாக்கக் கூடாது என்றுதான் துணியிலிருந்து ஏற்றினோம். தாள் சென்னையில் இருந்தது. திரும்பி வந்ததும் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டியது என் வேலை. பார்க்கவில்லை. துணியில் இருப்பது உங்கள் கை. நான் சின்னதிலிருந்து அதை நம்பி வளர்ந்தவள். அந்த ஃபைலையே இங்குள்ள பெரிய கணினிகளில் ஓடவிட்டேன். ஏழு மாதம் ஓடியது.

ஒன்றுதானே கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். 14ஐ ஏழால் வகுக்கலாம். பக்கத்தில் இருக்கிற 15ஐ வகுக்க முடியாது. ஒரு இலக்கம் மாறினால் அது வேறு எண். உள்ளே இருப்பது எல்லாம் வேறு. மாறிப்போன எண்ணை மூன்றோ ஏழோ பதினொன்றோ வகுத்திருந்தால் முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்கும். நூறில் தொண்ணூற்றெட்டு தரம் அப்படித்தான் நடக்கும். இதில் சின்னக் காரணி ஒன்றுகூட இல்லை. அசல் மாதிரியே நடித்தது. ஏழு மாதம் கழித்துத்தான் உடைந்தது. நான் உடைத்தது யாருமே கேட்காத ஒரு எண்.

எனக்குக் கொடுத்த கூடுதல் காலம் அக்டோபரோடு முடிகிறது. கணினிகளை ஜெயமுருகன் என்கிற மாணவருக்கு மாற்றிவிட்டார்கள்.

கண் தெரியவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே அம்மாச்சி. ஒரு வார்த்தை.

ஷைலா


அட்டுவம்பட்டி
10-9-2024

சேசு மரி சூசை

ஷைலாவுக்கு,

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் யாரையும் கூப்பிடுவதில்லை.

இருபத்தாறு வருடம் சிஸ்டர்மார் நடத்திய ஹாஸ்டலில் லாண்டரியில் இருந்தவள் நான். நூற்றிருபது பிள்ளைகள். சட்டை, பாவாடை, போர்வை, தலையணை உறை, காலுறை எல்லாவற்றிலும் நாடா வைத்துச் சிவப்பு நூலில் எண் போட்டேன். ஒரு பிள்ளையின் காலுறை இன்னொரு பிள்ளையின் பெட்டிக்குப் போனது கிடையாது. மதர் என்னைக் காட்டித்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வார். தாளில்தான் தப்பு இருக்கும். அச்சடிக்கிறவன் தப்பு செய்ய மாட்டானா? இல்லாவிட்டால் நீ தட்டும்போது பராக்குப் பார்த்திருப்பாய்.

துணியைச் சுவரிலிருந்து கழற்றி மடித்து வைத்துவிட்டேன். சண்முகசுந்தரி ஏன் என்று கேட்டதற்கு, வெளுக்கப் போட வேண்டும் என்றேன்.

நேற்றிலிருந்து, தாளில் இருப்பதாக நீ சொன்னபடி எண்ணை எழுதிவைத்து நானே வகுத்துப் பார்க்கிறேன். 17 போகவில்லை. 19 போகவில்லை. 23 பாதியில் நிற்கிறது. உன் அம்மா பார்த்துவிட்டு ஹோட்டல் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

கித்தேரியம்மாள்


சென்னை
21-9-2024

அன்புள்ள அம்மாச்சிக்கு,

வகுப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த வழியில் எத்தனையோ கோடி எண்கள் வரை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நீங்களும் நானும் ஊரும் சேர்ந்து உட்கார்ந்து நாள் முழுவதும் வகுத்தாலும் ஆகாது.

என் போன கடிதத்தின் கடைசி வரிக்கு மன்னியுங்கள். எனக்கு இங்கே யாரிடமும் கோபப்பட முடியவில்லை.

எங்கள் துறையில் ஒரு சோதனை உண்டு. பகா எண்ணாக இருந்தால் அதில் தவறாமல் தேறிவிடும். இந்த எண் தேறவில்லை. ஆகவே இது பகு எண், உடைந்தே தீரும், சந்தேகமே கிடையாது. ஆனால் எதால் உடையும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. முப்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. அதுதான் இந்த நாலு வருடமும் நான் பார்த்த வேலை.

இப்போது அதே மாதிரி இன்னொன்று. இந்த எண்ணில் ஆறும் நாலும் அடுத்தடுத்து இரண்டு இடத்தில்தான் வருகின்றன. ஒரு இடத்தில் ஆறு மூன்றாம் வரிசையின் கடைசியில் இருக்கிறது, நாலு அடுத்த வரிசையின் தொடக்கத்தில். அதைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். இன்னொன்று பதினைந்தாம் வரிசையின் நடுவில். கண்ணுக்கு 64 என்று சேர்ந்து தெரிவது அங்கே மட்டும்தான். அது மட்டும்தான் மாறியிருக்கிறது.

நீங்கள் போடுகிற நாலும் ஐந்தும் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாதவை. அது கண் தப்பியது இல்லை அம்மாச்சி. எனக்கு அது உறுதியாகத் தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஷைலா


அட்டுவம்பட்டி
2-10-2024

சேசு மரி சூசை

பாப்பாவுக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் ஜூலியட்டிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட வேண்டும்.

தெரிந்துதான் போட்டேன்.

ஹாஸ்டலில் 64ஆம் நம்பர் பிள்ளை ஒன்று இருந்தது. 1978. உன் அம்மா அப்போது பால்குடி மறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசு இருக்கலாம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா எங்கோ எஸ்டேட்டில் கூலிவேலை. பிள்ளையை நான் இரண்டு மூன்று தரம்தான் பார்த்திருப்பேன். எனக்குத் தெரிந்தது அதன் துணிதான். மூட்டையில் வரும், எண்ணைப் பார்ப்பேன், பிரித்துப் போடுவேன்.

திங்கள்கிழமைதான் தலையணை உறை வரும். ஜூன் மாதம் ஒரு திங்கள்கிழமை 64இன் உறையில் ரத்தம். பீட்ரூட் சாறு தெளித்த மாதிரி, சொட்டுச் சொட்டாக. மூக்கில் வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த திங்கள் அதைவிட அதிகம். மூன்றாவது திங்கள் உறை ஒரு பக்கம் விறைத்துப்போய் இருந்தது.

லாண்டரியில் ஒரு சட்டம். துணியில் எதைக் கண்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு முந்தின வருடம் ஒரு பெரிய பிள்ளையின் துணியைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போய், மதர் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி வைத்து, “கித்தேரி, உன் வேலை வெளுக்கிறது. படிக்கிறது இல்ல” என்றார். அது என் மனசில் கிடந்தது. எனக்கு ரோஷம். நீங்கள் சொன்னபடியே இருக்கிறேன் பாருங்கள் என்று இருந்தேன்.

ஆகவே வெளுத்தேன். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, வெயில் வந்த அரைமணி நேரம் காயப்போட்டேன். கறை இருந்த இடம் தெரியவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறை போகாமல் இருந்திருந்தால் சிஸ்டர் யாராவது கட்டிலில் கண்டிருப்பார்கள். நான்தான் போக்கினேன். மூன்று தரமும் நான்தான்.

நாலாவது திங்கள் உறை வரவில்லை. புதன்கிழமை துக்க மணி அடித்தார்கள்.

அப்பாக்காரர் வந்துசேர நாலு நாள் ஆயிற்று. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. அதற்குள் அடக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. தகரப்பெட்டியை அவரிடம் கொடுக்க வேண்டும், துணிகளில் இருக்கிற நாடாவைப் பிரி என்றார்கள். பதினெட்டு உருப்படி. பிரித்தேன். அவர் வாசலில் மழையில் நின்று வாங்கிக்கொண்டு, “நல்லா வெள்ளையா வச்சிருக்கீங்க அக்கா” என்றார்.

அதற்குப் பிறகு நான் 64 போட்டதே இல்லை. அடுத்த வருடம் 63க்குப் பிறகு 65 போட்டேன். மதர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கூட வேலை செய்த வடிவு கேட்டதற்கு அது ராசியில்லாத நம்பர் என்றேன். பிறகு வந்தவர்கள் அது இந்த ஹாஸ்டல் வழக்கம் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

உன் துணியில் பதினைந்தாம் வரிசைக்கு வந்ததும் ஊசி நின்றுவிட்டது. அரைநாள் அப்படியே மடியில் வைத்திருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுதானே, யார் எண்ணப்போகிறார்கள் என்று ஐந்து போட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ தட்டுவதற்கு உட்கார்ந்தபோதும் எனக்குத் தெரியும். ஆறு என்றேன். அடுத்து நாலு என்று வாய் வரவில்லை. ஐந்து என்றேன். நீ, சரி அம்மாச்சி, அடுத்தது என்றாய்.

துணியில் கண்டதைச் சொல்லாமல் இரண்டாம் தரமும் இருந்துவிட்டேன்.

நான் வந்து அந்த சாரிடம் சொன்னால் ஏதாவது ஆகுமா? காது கேட்காவிட்டாலும் பேச வரும். எழுது.

அம்மாச்சி


சென்னை
18-10-2024

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் எதுவும் ஆகாது. சார் நல்லவர்தான். காலம் அவர் கையில் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி என் அறைச் சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்குப் பேசியிருக்கிறேன். ஊருக்கு வரலாம் என்று நினைத்தேன். சாமியார் மைக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. முடியவில்லை.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எண்ணவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். காலையில் எழுந்ததும் இருக்கிறது. பல் தேய்ப்பதற்குள் அந்தத் தலையணை உறை ஞாபகம் வருகிறது. அதற்குமேல் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். துணியில் நீங்கள் போட்ட எண் இரண்டே துண்டாக உடைந்தது. ஒன்று 41 இலக்கம், இன்னொன்று 272 இலக்கம். இரண்டும் பகா எண், அதற்குமேல் உடையாது. எதற்கும் பயன்படாது. ஆனால் இந்த நாலு வருடத்தில் நான் முழுதாக உடைத்தது அது ஒன்றுதான். அசல் எண் அப்படியே இருக்கிறது. என் காலத்தில் அது உடையாமலும் போகலாம்.

நீங்கள் எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. சாரிடம் தட்டச்சுப் பிழை என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் பேர் என்ன அம்மாச்சி? உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

ஷைலா


அட்டுவம்பட்டி
3-11-2024

சேசு மரி சூசை

பாப்பாவுக்கு,

பேர் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு அது 64தான். வேறு பேர் சொல்லி யாரும் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஜூலியட்டைக் கூட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். அது இப்போது லாட்ஜ். துணி காயப்போட்ட இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மேசையில் இருந்த பெண் பழைய ரிஜிஸ்டர் எதுவும் இங்கே இல்லை பாட்டி என்று எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள், நல்ல பிள்ளை. மதர் இறந்து இருபது வருடம். வடிவு எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

நேற்றுக் கல்லறைத் திருநாள். வெள்ளனே எழுந்து போனோம். ஒரே மூடுபனி. உன் தாத்தாவுக்குப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் மந்திரித்து முடிந்தபிறகு, நான் கீழே பைன் மரங்களின் பக்கம் போனேன். ஹாஸ்டல் பிள்ளைகளை அந்தப் பக்கம் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டது உண்டு. புல்லை விலக்கிப் பார்த்தால் மூன்று சின்னக் குருசு கிடக்கு. சிமெண்டு. எழுத்து இருந்த இடமெல்லாம் பாசி. விரலால் தடவிப் பார்த்தேன், ஜூலியட் போனில் வெளிச்சம் காட்டினாள். மூன்றில் ஒன்று அதுவாக இருக்க வேண்டும். இல்லாமலும் இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கென்று நான் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் கொண்டுபோயிருந்தேன்.

எந்தக் குருசில் ஏற்றுவது என்று தெரியாமல் நின்றேன். பனியில் கால் விறைத்துப்போய், ஜூலியட் கையைப் பிடித்து இழுத்தாள்.

வந்ததும் துணியை எடுத்துப் பதினைந்தாம் வரிசையில் அந்த ஐந்தைப் பிரித்துவிட்டு நாலு போட்டேன். பழைய துளைகள் தெரிகின்றன, மறைக்க முடியவில்லை. இந்தக் கடுதாசியோடு துணியையும் பார்சலில் அனுப்புகிறேன். மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். 1399 வருகிறது. நீயும் ஒருதரம் கூட்டிப் பார்த்துக்கொள். நான் சொல்வதை வைத்து நம்ப வேண்டாம்.

அந்த மெழுகுவர்த்தி இன்னும் என் பைக்குள்தான் கிடக்கு.

அம்மாச்சி